வெடிக்காத இரவு

(பாஸ்டன், 1843)

அடுப்புத் தட்டு வார்ப்பவன் நான்.
கப்பல் பட்டறை கேட்டால் நங்கூரம்.
பியானோவுக்கு ஓர் எலும்புக்கூடு வேண்டும் என்று
தாடியஸ் வின்ஷிப் வந்து நின்றபோது
சிரித்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை.
ஜூலை ஈரத்தில் சுருதி ஏறுகிறது,
பிப்ரவரி வறட்சியில் இறங்குகிறது.
விற்ற வாத்தியங்கள் வீடு வீடாய் நின்று
அவர் பெயரில் பொய் சொல்கின்றன.
பீக்கன் குன்றில் ஒரு வக்கீல் வீட்டில்
சட்டம் வில்லாய் வளைந்து
மூடி மூட மறுத்ததாம்.
"மரம் இன்னும் காட்டை மறக்கவில்லை, ஏசா.
மறதி உள்ள பொருள் எதுவும் இருக்கிறதா உன்னிடம்?"

இரும்பு பிடித்த கை சும்மா இருக்குமா?
மணலை நனைத்தேன்.

முதல் தட்டு வார்த்த இரவு
யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போக,
துறைமுகக் காற்று நுழைந்தது.
டிங்.
ஒரே சொல். குறுக்கே பிளந்துவிட்டது.
இரண்டாவதில், மூலையில் காற்றுக் குமிழி.
மூன்றாவதை
நான்கு நாள் மணலுக்குள்ளேயே விட்டேன்,
ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.
"நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோதுகூட
இப்படி எழுந்து வரவில்லையே நீ"
என்றாள் மனைவி. உண்மைதான்.

யோஸ்ட் தந்தி ஏற்றினான்,
முறுக்கு மேல் முறுக்கு.
கம்பிக்கு இத்தனை ராத்தல் என்று
சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிக் கூட்டினார் வின்ஷிப்.
பன்னிரண்டு டன்.
கரி ஏற்றிய பன்னிரண்டு வண்டிகள்
வரவேற்பறைப் பெட்டி ஒன்றுக்குள்
ஒன்றையொன்று இழுத்தபடி
அசையாமல் நிற்கின்றன.

அன்று யாரும் வாசிக்கவில்லை.
விளக்கைத் தணித்துவிட்டு
வெடிச் சத்தத்துக்காக உட்கார்ந்திருந்தோம்,
மூன்று பேரும்
சாவு வீட்டு மரியாதையோடு.
இரண்டு மணிக்கு ஒரு கம்பி அறுந்து
யோஸ்ட்டின் காதோரம் கோடு கிழித்தது.
அவன் ரத்தத்தைத் துடைப்பதற்குள்
தட்டின் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்
(இன்றும் வெட்கம்தான், முதலில் அவனைப் பார்க்காதது).
குளிர்ச்சி. வேறு செய்தி இல்லை.

பால்வண்டி வந்தபோது வெளுத்திருந்தது.
சுருதி, நேற்று வைத்த இடத்திலேயே.

பிறகு வாசித்தார்கள்.
சங்கடம் அங்கேதான்.
தோல் போர்த்திய பழைய சுத்திகள்
புதிய இறுக்கத்தில் விழுந்ததும்
பீங்கானைக் கரண்டி சுரண்டுகிற சத்தம்.
வின்ஷிப்பின் கூட்டாளி மேலங்கியை எடுத்துக்கொண்டார்.
"சொன்னேனே, இரும்பு இசையைத் தின்றுவிடும்."

பக்கத்துத் தொப்பிக் கடையிலிருந்து
ஹோனோரா கீன் வந்தாள், சண்டைக்கு.
"விடியற்காலையில் யாரய்யா தகரம் தட்டுவது?"
யாரும் பதில் சொல்லவில்லை.
வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்,
சுத்தி ஒன்றை நகத்தால் தட்டினாள்.
"இவ்வளவு கெட்டியா? என் தொப்பியே இதைவிட மெத்தை."
கையிலிருந்த பாதித் தொப்பியில்
முயல்மயிர் ஃபெல்ட் ஒரு விரலகலம் வெட்டி
நடுவில் ஒரே ஒரு சுத்திக்குச் சுற்றினாள்.

எழுபத்தெட்டுக் கட்டைகளில்
எழுபத்தேழு தகரம்.
ஒன்று மட்டும்
இருட்டில் யாரோ அருகில் வந்து
பெயர் சொல்லாமல் நிற்பதுபோல.

வின்ஷிப் அதையே தட்டினார். திரும்பத் தட்டினார்.
கூட்டாளி மேலங்கியைக் கீழே வைத்தார்.
தொப்பிக்குப் பணம் வேண்டும் என்றாள் ஹோனோரா.
கொடுத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

பாடுவது இன்னும் மரம்தான்,
இரும்பு பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவே.
பின்னாளில் என் தட்டுகளுக்குப் பொன்முலாம் பூசி
ஓரத்தில் ரோஜாக்கூட வரைந்தார்கள்.
மணப்பெண் வேடமிட்ட நங்கூரம்.

பிளந்துபோன முதல் தட்டை விற்கவில்லை.
பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன்,
காற்று நுழையாமல் இருக்க.
அவசரத்தில் கால் இடித்தால்
இன்னும் அதையே சொல்கிறது:
டிங்.